உணவு குறையும்போது கொழுப்புத் திசு என்ன செய்கிறது?

1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கின் அடியில் இருந்த அறைகளில் 36 இளைஞர்கள் குடியேறினார்கள். போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். ஐரோப்பாவில் பட்டினியால் வாடும் மக்களை எப்படித் தேற்றுவது என்பதை அறிய, தாங்களே அரைப்பட்டினி கிடக்க முன்வந்தார்கள். ஆய்வை நடத்தியவர் ஆன்செல் கீஸ். 24 வாரத்தில் அவர்கள் ஏறக்குறைய கால்பங்கு எடையை இழந்தார்கள். மறுபடி வயிறாரச் சாப்பிட்டபோது, தசையைவிடக் கொழுப்புதான் வேகமாகத் திரும்பியது.

ஏன் இப்படி? உணவு குறைந்ததும் இரத்தத்தில் இன்சுலின் இறங்குகிறது. உடனே கொழுப்பு செல்களில் உள்ள நொதிகள், சேர்த்துவைத்த டிரைகிளிசரைடைக் கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசராலாகவும் உடைக்கின்றன. கொழுப்பு அமிலங்களைத் தசையும் இதயமும் எரித்துக்கொள்கின்றன. கிளிசராலிலிருந்து கல்லீரல் குளுக்கோஸ் தயாரிக்கிறது. இதனால் கொழுப்பு செல்கள் சுருங்குகின்றனவே தவிர, அவற்றின் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவதில்லை.

சுருங்கிய செல்கள் லெப்டின் என்னும் ஹார்மோனைக் குறைவாகச் சுரக்கும். கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லும் இதை 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டறிந்தது. லெப்டின் குறைந்தால் பசி கூடும். உடல் தன் ஆற்றல் செலவைச் சுருக்கிக்கொள்ளும். இழந்த கொழுப்பை மீட்கவே உடல் முயலும்.

மிதமாகக் குறைத்தால் நிலைமை வேறு. அமெரிக்காவில் நடந்த 'கேலரி' ஆய்வில் உடல்பருமன் இல்லாத 218 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் இரண்டு ஆண்டுகள் கலோரியைக் குறைத்தார்கள். இலக்கு 25 சதவீதம். முடிந்தது சராசரியாக 12 சதவீதம்தான். அதுவே போதுமானதாக இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் விஷ்வ தீப் தீட்சித் குழு 2022இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவர்களின் தைமஸ் சுரப்பியில் கொழுப்பு குறைந்து, செயல்படும் பகுதி கூடியிருந்தது. நோய் எதிர்ப்பு செல்கள் முதிர்ச்சி அடையும் இந்தச் சுரப்பி, வயதாக ஆகக் கொழுப்பாக மாறுவதே வழக்கம். கொழுப்புத் திசுவில் பிஎல்ஏ2ஜி7 என்ற மரபணுவின் செயல்பாடும் தணிந்திருந்தது. அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு வயதான காலத்தில் அழற்சி குறைவாக இருந்தது.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்பறை அல்ல. மூளையோடும் நோய் எதிர்ப்பு மண்டலத்தோடும் ஓயாமல் பேசும் உறுப்பு. எனவே கடும் பட்டினியால் வேகமாக எடை குறைக்க முயல்பவர்கள் அந்த உறுப்பையே எதிர்த்து நிற்கிறார்கள். நெடுநாள் கடைப்பிடிக்கக்கூடிய சிறு குறைப்பே ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நல்ல வழி. வளரும் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இதில் இறங்கவே கூடாது.