மூன்றாவது கம்பியை வெட்டாதீர்கள்

வெக்கையில் பிள்ளைகள் உறங்கட்டும் என்றுதான் மின்விசிறி வாங்குகிறோம். தற்காலிகக் கொட்டிலில் பிளக் பொருந்தாதபோது வயர் நுனியைச் சீவி, துளைக்குள் நெருப்புக்குச்சி வைத்து இறுக்கிவிடுகிறோம். ஈர மண்தரையில் வெறுங்காலுடன் நிற்பவரைக் கொல்ல இந்த 230 வோல்ட்டு தாராளமாகப் போதும்.

இரும்பு உடலுள்ள விசிறிக்கு மூன்று கம்பிகள் வேண்டும். பச்சை-மஞ்சள் நிறமானது புவிக்கம்பி. "அது இல்லாமலும் சுற்றுகிறதே" என்று வெட்டிவிடுவோர் நம்மிடையே உண்டு. சுற்றும்தான். ஆனால் உள்ளே வயர் உரிந்து உடலில் பட்டால், மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கி ட்ரிப் சுவிச்சை விழச்செய்வது அக்கம்பியே. அது இல்லாவிடில், விசிறியைத் தொடும் பிள்ளையின் உடல்வழியே மின்சாரம் இறங்கும்.

விசிறியை நகர்த்துமுன் பிளக்கைக் கழற்றுவோம். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துவோம். சுவிச்சு விழாவிட்டால், மின்வேலை தெரிந்தவரை அழைத்து உடனே மாற்றுவிப்போம்.