படத்தில் விழாத தூசி

எஸ்.எல்.ஆர். கேமராவில் ஒரு வேடிக்கை உண்டு. வ்யூஃபைண்டரில் தெரிகிற தூசி படத்தில் விழாது. படத்தில் விழுகிற தூசி வ்யூஃபைண்டரில் தெரியாது. இது தெரியாமல் லென்ஸை மாற்றி மாற்றித் துடைத்துப் பார்த்து, கடைசியில் கைவைக்கக் கூடாத இடத்தில் கைவைத்துக் கேமராவைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

லென்ஸ் வழியே வரும் ஒளி நேராக ஃபிலிமுக்கோ சென்சாருக்கோ போவதில்லை. நடுவில் 45 டிகிரி சாய்வாக ஒரு கண்ணாடி நிற்கிறது. அது ஒளியை மேலே திருப்பிவிட, பெட்டியின் கூரைபோலப் படுத்திருக்கும் மங்கலான திரையில் பிம்பம் விழுகிறது. ஃபோகசிங் ஸ்கிரீன் என்பது இதுதான். இடவலம் மாறி விழும் அந்தப் பிம்பத்தைச் சரியாக்கிக் கண்ணுக்கு அனுப்புவது, அதற்கும் மேலே உட்கார்ந்திருக்கும் பெண்டாபிரிசம். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி எழும்பித் திரையை மூடிக்கொள்ளும். ஒளி பின்னால் பாயும். படம் பதிவாகும் நேரத்தில் திரைக்கு அங்கே வேலையே இல்லை. அதன்மேல் கிடக்கும் முடித்துண்டு படத்தில் எப்படி வரும்?

1936-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வெளிவந்த கினே எக்ஸாக்டா என்ற எஸ்.எல்.ஆர். கேமராவில் இந்தப் பிரிசம் கிடையாது. மேலிருந்து குனிந்து திரையைப் பார்க்க வேண்டும். படம் எடுத்தபின் ஃபிலிமைச் சுற்றினால்தான் கண்ணாடி கீழே இறங்கும். பிரிசம் 1949-இல் கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு வந்தது. எடுத்த மறுகணமே தானாக இறங்கும் கண்ணாடியை 1954-இல் ஜப்பானின் அசாஹிஃப்ளெக்ஸ் IIபி கொண்டுவந்தது. வசதிதான். 2012-இன் கேனான் 1டி எக்ஸில் அந்தக் கண்ணாடி நொடிக்கு 12 முறை எழுந்து இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் காற்று கலங்கும்; தூசியும் இடம் மாறும்.

கண்ணாடி மோதும் இடத்தில் அடி தாங்க ஒரு ஃபோம் பட்டை ஒட்டியிருப்பார்கள். 1976 முதல் 1997 வரை விற்ற பென்டாக்ஸ் கே1000 போன்ற பழைய கேமராக்களில் வில்லன் இந்தப் பட்டைதான். பாலியூரித்தேன் ஃபோம் காற்றின் ஈரத்தால் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, தார்போலப் பிசுபிசுத்து, கறுப்புத் துகள்களாக உதிரும். பீரோவில் பூட்டிவைத்த அப்பாவின் கேமராவுக்குள் தூசி வந்தது எப்படி என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான்: அது வெளியிலிருந்து வரவே இல்லை. இதை ஊதித் தள்ள முடியாது, துடைத்தால் இழுபடும். பழைய ஃபோமைச் சுரண்டி எடுத்துப் புதிது ஒட்டுவது மெக்கானிக்கின் வேலை.

சாதாரணத் தூசி என்றால் முதலில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கூர்மையாகத் தெரிந்தால் திரையில். பிம்பம் குவிவது அங்கேதான். மங்கலான நிழலாகத் தெரிந்தால் பிரிசத்தின் பக்கம். கண்ணாடியில் உள்ள தூசி குவியத்தில் இல்லாததால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. ஆகவே அதைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஆனால் லென்ஸைக் கழற்றியதும் முதலில் கண்ணில் படுவதும் அதுதான், கை பரபரப்பதும் அதைப் பார்த்துத்தான்.

வீட்டுக் கண்ணாடிக்கு ரசப்பூச்சு பின்பக்கம். விரல்நகத்தை அதில் வைத்தால் நகத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். கேமராக் கண்ணாடிக்கு உலோகப்பூச்சு முன்பக்கம், மேலே கண்ணாடியின் காப்பு இல்லாமல். இடைவெளி இராது. (இந்தச் சோதனையைக் கேமராவில் செய்து பார்க்க வேண்டாம்.) துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தாலே கீறல் விழக்கூடும். திரை அதைவிட மோசம்: நுண்ணிய வரிகள் கொண்ட பிளாஸ்டிக். கரைப்பான் பட்டால் மேற்பரப்பே கெட்டுப்போகலாம்.

மிஞ்சுவது ரப்பர் ப்ளோயர் ஒன்றுதான். கேமராவின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, நுனி எதிலும் படாமல் மெல்ல ஊத வேண்டும். தூசி தானே கீழே விழும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்றில் சில சமயம் திரவமும் சேர்ந்து பீறிட்டுக் கறை படியும். வேகமாக ஊதினால் தூசி திரைக்கும் பிரிசத்துக்கும் நடுவே ஏறிக்கொள்ளும். பிறகு திரையைக் கழற்றாமல் வழியில்லை. நிக்கான் எஃப்எம்2-இல் லென்ஸ் வாய் வழியாகவே சாமணத்தால் திரையை எடுத்துவிடலாம். கே1000-இல் அந்த வசதி இல்லை.

படத்தைக் கெடுக்கிற தூசி இருப்பது சென்சாருக்கு முன்னால் உள்ள மெல்லிய வடிகட்டிக் கண்ணாடியில். துவாரத்தை எஃப்/16 அளவுக்குச் சுருக்கினால் நீலவானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அகலத் திறந்தால் மறைந்துவிடும். டியூப்லைட்டுக்கு முன் விரல் நீட்டினால் நிழல் கரைகிறது, டார்ச்சுக்கு முன் நீட்டினால் கூர்மையாக விழுகிறது அல்லவா, அதே கணக்கு. இந்த வடிகட்டியை அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாட்டை 2003-இல் ஒலிம்பஸ் இ-1 கொண்டுவந்தது.

இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் கண்ணாடியும் இல்லை, ஃபோகசிங் ஸ்கிரீனும் இல்லை. நிக்கானின் பழைய எஃப் மவுன்ட்டில் லென்ஸ் வாயிலிருந்து சென்சார்வரை 46.5 மில்லிமீட்டர், புதிய இசட் மவுன்ட்டில் 16 மட்டுமே. வ்யூஃபைண்டரில் முடித்துண்டு தெரிகிற தொல்லை ஒழிந்தது, ஆனால் லென்ஸைக் கழற்றினால் சென்சார் வாசலிலேயே நிற்கிறது. அதனால்தான் 2018-இல் வந்த கேனான் இஓஎஸ் ஆர், சுவிட்சை அணைத்ததும் ஷட்டர் திரையை இழுத்து மூடிக்கொள்கிறது.