பரணில் கிடக்கும் பழைய லென்ஸ்: உள்ளே இருப்பது தூசியா, பூஞ்சையா?

உங்கள் வீட்டில் பழைய பிலிம் கேமரா இருக்கிறதா? தூக்கிப் போட்டு விடாதீர்கள். அதன் லென்ஸைக் கழற்ற முடியும் என்றால், ஓர் அடாப்டர் வளையத்தின் உதவியுடன் இன்றைய மிர்ரர்லெஸ் கேமராவில் பொருத்திப் படம் எடுக்கலாம். 42 மி.மீ. மரை கொண்ட, எம்42 எனப்படும் லென்ஸ்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. ஆனால் முதலில் லென்ஸின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இராயவரம், கோனாபட்டு போன்ற ஊர்களில் பெரிய செட்டிநாட்டு வீடுகள் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்று புகாத அலமாரியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் தோல் உறையும் சேர்ந்தால், பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

இராயவரத்தில் நண்பர் ஒருவர் தாத்தாவின் இரண்டு லென்ஸ்களை என்னிடம் காட்டினார். "புள்ளி விழுந்ததைப் பழைய சாமான்காரரிடம் போட்டுடலாம். சுத்தமா இருக்கிறதை மட்டும் வச்சுக்கலாமா?" என்று கேட்டார். அவருக்கு நான் செய்து காட்டிய மூன்று சோதனைகளை நீங்களும் செய்து பார்க்கலாம்.

1. டார்ச் சோதனை: லென்ஸின் அப்பெர்ச்சரை முழுவதும் திறந்து, பின்புறமிருந்து டார்ச் ஒளியைப் பாய்ச்சுங்கள். முன்புறமிருந்து சாய்வாகப் பாருங்கள். ஒளியை நேராகப் பார்க்க வேண்டாம். சிலந்தி வலை போல இழைகள் கிளை பிரிந்து ஓடினால் அது பூஞ்சை. மெல்லிய பனி போலப் படர்ந்திருந்தால், உள்ளே இடப்பட்ட கிரீஸ் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருக்கலாம். ஓரத்தில் வானவில் நிறங்கள் தெரிந்தால், இரு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப் போகிறது என்று பொருள். தனித் தனியாக நிற்கும் வட்டக் குமிழ்கள் கண்ணாடி வார்க்கும்போதே உண்டானவை. அவற்றால் படம் கெடாது. ஓரிரு தூசியும் அப்படியே.

2. ஒளிப்புள்ளி சோதனை: இரவில் தூரத்தில் எரியும் சிறு விளக்கு ஒன்றை, போகஸை மிக அருகில் வைத்து, அப்பெர்ச்சரை முழுவதும் திறந்து படம் எடுங்கள். விளக்கு பெரிய ஒளி வட்டமாகப் பதிவாகும். அதனைக் கம்ப்யூட்டரில் திறந்து 100 சதவீத அளவில் பார்த்தால், லென்ஸினுள் இருக்கும் இழை, புள்ளி, கீறல் எல்லாம் அந்த வட்டத்திற்குள் நிழலாகத் தெரியும்.

3. கறுப்புத் துணி சோதனை: வெளிச்சம் வரும் ஜன்னலின் நடுவே கறுப்புத் துணி ஒன்றைத் தொங்க விடுங்கள். கேமராவை மேனுவல் நிலையில் வைத்து, ஒரே ஷட்டர் வேகம், ஒரே அப்பெர்ச்சர் கொண்டு, பழைய லென்ஸிலும், நல்லது என்று தெரிந்த வேறொரு லென்ஸிலும் படம் எடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் புரோகிராமில் இரண்டையும் திறந்து, துணியின் பகுதியை மட்டும் செலக்ட் செய்து, ஹிஸ்டோகிராம் கட்டத்தில் 'மீன்' என்ற எண்ணைப் பாருங்கள். இந்த அளவில் 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. நல்ல லென்ஸில் 15 என்றும் பழையதில் 40 என்றும் வந்தால், உள்ளே ஒளி சிதறுகிறது. கறுப்பு, சாம்பல் நிறமாகி விட்டது.

நண்பரின் லென்ஸ்களில் முடிவு தலைகீழாக வந்தது. புள்ளி விழுந்திருந்த லென்ஸில் இருந்தது தூசியும் குமிழ்களும்தான். துணி நல்ல கறுப்பாகவே பதிவாகியிருந்தது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த லென்ஸில்தான் சீரான பனிப்படலம். துணி வெளுத்துப் போயிருந்தது.

இந்த வேறுபாடு வெறும் அழகு பற்றியது அல்ல. சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில் உள்ள தாமரைக் குளம், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைய ஓவியம், ஏற்கனவே மங்கியிருக்கிறது. வாசல் வெளிச்சம் பட்டு ஒளி சிதறும் லென்ஸில் அதைப் படம் எடுத்தால், மங்கியது ஓவியமா, லென்ஸா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பனிப்படலத்தைப் பெரும்பாலும் மெக்கானிக் துடைத்து விடுவார். பூஞ்சையையும் எடுக்கலாம், ஆனால் அது கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் தழும்பு போகாது. லென்ஸை நீங்களே பிரிக்க வேண்டாம். லென்ஸ் மஞ்சளாக இருந்தாலும் பயம் வேண்டாம். சூப்பர் டக்குமார் 50 எம்.எம். எஃப் 1.4 போன்ற சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. புற ஊதா ஒளியில் சில நாட்கள் வைத்தால் மஞ்சள் பெரிதும் குறையும்.

சோதனை முடிந்த பின் லென்ஸைத் தோல் உறையில் மீண்டும் போடாதீர்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வையுங்கள். டப்பாவின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருப்பது நல்லது. மழைக்காலத்தில் அவ்வப்போது வெளியே எடுத்துப் படம் எடுங்கள். புழக்கத்தில் இருக்கும் லென்ஸில் பூஞ்சை எளிதில் பிடிப்பதில்லை.