நாய்க்கு சாக்லேட் கொடுக்கலாமா?
பிள்ளைகள் பிரியமாகக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து!

குழந்தை கையில் சாக்லேட் இருந்தால், வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துவிடும். குழந்தை பாதியைத் தின்றுவிட்டு மீதியை நாய்க்குக் கொடுக்கும். பெரியவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

இது சிரிக்கும் விஷயம் அல்ல. நமக்கு இனிக்கும் சாக்லேட், நாய்க்கு விஷம்!

விஷம் எங்கே இருக்கிறது?

சாக்லேட்டைக் கொக்கோ கொட்டையில் இருந்து செய்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில்கூட கொக்கோ மரம் உண்டு. அந்தக் கொட்டையில் "தியோபுரோமின்" என்ற கசப்பான பொருள் இருக்கிறது. அதுதான் நாய்க்கு ஆகாதது.

மனித உடல் அதைச் சீக்கிரம் முறித்துவிடும். நாயின் உடலுக்கு அந்தச் சக்தி குறைவு. உள்ளே போனதில் பாதி குறையவே சுமார் 17 மணி நேரம் ஆகும். அதுவரை அது இருதயத்தையும் நரம்புகளையும் விரட்டிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு தின்றால் ஆபத்து?

10 கிலோ எடையுள்ள நாய், பால் சாக்லேட் சுமார் 100 கிராம் தின்றால் தொல்லை ஆரம்பம். கறுப்பு சாக்லேட் என்றால் 40 கிராம் போதும். கேக் செய்ய வாங்கும் கொக்கோ தூள் என்றால் 10 கிராமே போதும்! இதைப்போல 3 மடங்கு தின்றால் வலிப்பு வரும். உயிரும் போகலாம். குட்டி நாய்க்கு இதைவிடக் குறைந்த அளவே ஆபத்து.

ஒரு சிறு துண்டால் பெரிய நாய் செத்துவிடாது. ஆனால் ருசி கண்ட நாய், ஒரு நாள் மேஜை மேல் உள்ள பெட்டியையே காலி செய்துவிடும்.

பண்டிகை நாளில் கவனம்!

இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார், 229 கால்நடை மருத்துவ நிலையங்களின் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். சாக்லேட் தின்று அவதிப்பட்ட நாய்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் மற்ற நாட்களைவிட 4 மடங்குக்கு மேல் அதிகம்! அப்போது வீடெல்லாம் சாக்லேட் அல்லவா? நம் வீட்டுத் தீபாவளிக்கும் பிறந்த நாளுக்கும் இது பொருந்தும்.

என்ன செய்ய வேண்டும்?

வாந்தி, பேதி, அடங்காத தாகம், நிலைகொள்ளாமல் அலைவது, உடல் நடுக்கம் ஆகியவை அறிகுறிகள். இவை தெரிய 6 முதல் 12 மணி நேரம் ஆகலாம். "ஒன்றும் ஆகவில்லையே" என்று காத்திருக்காதீர்கள்.

இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சாக்லேட் உறையையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு தின்றது என்று சொல்லுங்கள். நேரத்தோடு போனால், வாந்தி எடுக்க வைத்துக் காப்பாற்றிவிடலாம். நீங்களாக உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். அதுவே ஆபத்தாகிவிடும்.

நாய் வாயில்லாப் பிராணி. "எனக்கு இது ஆகாது" என்று அதற்குச் சொல்லத் தெரியாது. நாம் எதைக் கொடுத்தாலும் நம்பித் தின்னும். ஆகவே, பிள்ளைகளிடம் இன்றே சொல்லி வையுங்கள். ஆசைக்கு ஒரு பிடி சோறு வைக்கட்டும். சாக்லேட் வேண்டவே வேண்டாம்!