முகப்பு விளக்கு வாங்கும்போது குறைந்தபட்ச வோல்டேஜைப் பாருங்கள்
(சரக்கு வண்டி வைத்திருக்கும் வணிகர்கள் கவனத்திற்கு)



நமது ஆத்தூர் வெற்றிலையும், பக்கத்துக் கடலோர ஊர்களின் மீனும், மளிகைச் சரக்கும் பொழுது விடியுமுன் சந்தை சேர வேண்டியவை. தைப்பூசம், வைகாசி விசாகம் போன்ற நாட்களில் இதே திருச்செந்தூர் சாலையில் இரவு முழுவதும் பாதயாத்திரை பக்தர்கள் நடந்து செல்கிறார்கள். ஆகவே நம் வண்டியின் முகப்பு விளக்கு நொடி நேரம் அணைந்தாலும் அது உயிர்ப் பிரச்சினையாகும்.

2007-ல் லெக்சஸ் காரில் முதன்முதலாக வந்த எல்.இ.டி. முகப்பு விளக்கு, இன்று குட்டியானை வண்டி வரை வந்துவிட்டது. நம்மில் பலர் வாங்கும்போது "எத்தனை வாட்?" என்று மட்டுமே கேட்கிறோம். "எத்தனை வோல்ட் வரை இறங்கினாலும் எரியும்?" என்றும் கேட்க வேண்டும்.

பழைய ஹாலஜன் பல்பு வோல்டேஜ் குறைந்தால் மங்கும். 12 வோல்ட் 10.8 ஆனால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும், ஆனாலும் எரிந்துகொண்டிருக்கும். எல்.இ.டி. விளக்கு அப்படியல்ல. அதனுள்ளே 'டிரைவர்' என்ற சிறிய சிப் இருந்து மின்சாரத்தை அளந்து கொடுக்கிறது. வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் சிப் விளக்கை அணைத்துவிடும். அணைந்ததும் சுமை குறைந்து வோல்டேஜ் ஏறும், மறுபடி எரியும், மறுபடி அணையும். விளக்கு 'பளிச் பளிச்' என்று வெட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சிப்பின் குறைந்தபட்ச அளவு வேறு, விளக்கின் குறைந்தபட்ச அளவு வேறு. உதாரணமாக, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் எல்.எம். 3409 என்ற சிப் 6 வோல்ட்டிலேயே வேலை செய்யும். ஆனால் இது வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் வகை. வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும்; மூன்றை வரிசையாகக் கோர்த்தால் 9 வோல்ட். தொட்டி மட்டத்துக்கு மேலே உள்ள குழாயில் தண்ணீர் வராததுபோல, 9 வோல்ட்டுக்குச் சற்று மேலே வராவிட்டால் விளக்கு முழு வெளிச்சம் தராது. வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் வகையும் உண்டு. அதே நிறுவனத்தின் டி.பி.எஸ். 92691 சிப்பை அவ்வாறு அமைக்கலாம், அது 4.5 வோல்ட் வரை தாங்கும். அத்தகைய விளக்கு சற்று விலை கூடுதலாகலாம்.

"பாட்டரியில்தான் 12 வோல்ட் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். பாட்டரியில் இருப்பதெல்லாம் விளக்குக்கு வந்து சேர்வதில்லை. உப்புக் காற்று வீசும் நம் பகுதியில் எர்த் இணைப்பிலும் கனெக்டரிலும் பச்சைக் களிம்பு பிடிக்கும். அந்த இணைப்புகளில் அரை ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 40 வாட் உள்ள விளக்குகள் எரிந்தால், பாட்டரியில் 12 வோல்ட் இருக்கும்போது விளக்குக்குக் கிடைப்பது 10 வோல்ட் மட்டுமே. ஸ்லோவில் நிற்கும்போது ஹாரன், வைப்பர் எல்லாம் சேர்ந்து பாட்டரி 11-க்கு இறங்கினால், விளக்குக்கு 9-க்கும் குறைவாகவே கிடைக்கும். வோல்டேஜ் குறையக் குறைய, அதே வாட்டைக் கொடுப்பதற்காக டிரைவர் அதிக ஆம்பியர் இழுப்பதே காரணம். செல்ஃப் அடிக்கும் வேளையில் பாட்டரியே 9, 10 வோல்ட்டுக்கு இறங்குவது சாதாரணம். பாட்டரி பழையதானால் இன்னும் கீழே போகும்.

எனவே உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறோம்:

1. விளக்கிலோ அட்டைப் பெட்டியிலோ அச்சிட்டுள்ள வோல்டேஜ் எல்லையைப் படியுங்கள். '12 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் போதாது. '9 முதல் 32 வரை' என்பதுபோல இரு எல்லையும் இருக்க வேண்டும். 24 வோல்ட் லாரிக்கு வாங்குவோர் மேல் எல்லையையும் பார்க்க வேண்டும்.

2. என்ஜின் ஸ்லோவில் ஓட, விளக்கு எரியும் நிலையில், விளக்கின் கனெக்டரிலேயே மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பாட்டரியில் அளப்பது மட்டும் போதாது.

3. எர்த் இணைப்பைச் சுரண்டித் துடைத்து, இறுக்கி, மேலே வாசலைன் தடவுங்கள். தேவையானால் ரிலே வைத்துத் தடித்த வயரில் தனி லைன் இழுங்கள்.

4. ஹாலஜனுக்கென்று அமைந்த விளக்கில் எல்.இ.டி. பல்பு மட்டும் மாற்றினால் எதிரே வருபவர் கண் கூசும். கம்பெனி அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவிற் கொள்ளவும்.

5. பில்லும் வாரண்டி அட்டையும் இல்லாமல் வாங்காதீர்கள்.

தராசு முள்ளை நாள்தோறும் சரிபார்ப்பவர்கள் நாம். அந்தக் கவனத்தில் சிறிதளவை வண்டி விளக்குக்கும் கொடுத்தால் சரக்கும் பத்திரமாகச் சேரும். சாலையில் நடப்பவரும் பத்திரமாக வீடு திரும்புவர்.