சீட்டின் ஓரத்தில் ஒரு முத்திரை: பமீலா கோல்மன் ஸ்மித்

குறி பார்ப்பதற்கும் தியானத்துக்கும் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டுகளுள் உலகெங்கும் மிகுதியாக அறியப்பட்டது, 1909ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் பதிப்பகம் வெளியிட்ட கட்டாகும். அதிலுள்ள 78 சீட்டுகளுக்கும் ஓவியம் தீட்டியவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. எனினும் பதிப்பகத்தின் பெயரையும், கட்டை வகுத்தமைத்த மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டின் பெயரையும் சேர்த்து 'ரைடர்-வெயிட்' என்றே அது நெடுங்காலம் வழங்கிவந்தது. ஸ்டூவர்ட் கப்லான் மூன்று ஆய்வாளர்களுடன் இணைந்து 2018இல் வெளியிட்ட, ஏராளமான படங்களைக் கொண்ட வாழ்க்கை வரலாற்று நூல், அந்த விடுபடலைச் சரிசெய்ய எழுந்த அரிய முயற்சி.

1878இல் லண்டனில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்த பமீலா, இளமையின் ஒரு பகுதியை ஜமைக்காவில் கழித்தார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள பிராட் கல்லூரியில் ஓவியம் பயின்றார். ஜமைக்காவில் கேட்ட அனான்சி என்னும் சிலந்தி நாயகனின் கதைகளை 1899இல் தம் படங்களுடன் நூலாக்கினார். பின்னர் லண்டனில் நடிகை எல்லன் டெர்ரியின் நாடகக் குழுவினரோடு நெருங்கிப் பழகினார். 1903இல் 'தி கிரீன் ஷீஃப்' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். இசை கேட்கையில் மனக்கண்ணில் விரியும் காட்சிகளை அப்படியே வரைவது அவருக்கு இயல்பாக இருந்தது. புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க்கில் நடத்திய காட்சிக்கூடத்தில், புகைப்படம் அல்லாத படைப்புகளுக்கென்று முதன்முதலாக 1907இல் நடந்த கண்காட்சி பமீலாவுடையதே.

டாரட் கட்டில் தேர், சூரியன், மரணம் முதலிய உருவங்களைக் கொண்ட 22 பெருஞ்சீட்டுகளும், கோல், கிண்ணம், வாள், நாணயம் என நான்கு இனங்களாகப் பிரிந்த 56 சிறுசீட்டுகளும் உண்டு. இவற்றுள் ஒன்று முதல் பத்து வரையிலான எண் சீட்டுகளில், பழைய கட்டுகள் பெரும்பாலும் அந்தந்த எண்ணிக்கையில் வாள்களையோ கிண்ணங்களையோ அடுக்கிக் காட்டியதோடு நின்றுவிட, பமீலா அவற்றிலும் மனிதரையும் நிலக்காட்சியையும் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் ஒரு நாடகக் காட்சியாக்கினார். மழை பொழியும் மேகங்களுக்குக் கீழே மூன்று வாள்கள் ஊடுருவிய இதயத்தைக் காட்டும் 'மூன்று வாள்' சீட்டு, பொருள் அறியாதவரையும் உடனே தைக்கும். இதன் மூல உரு 15ஆம் நூற்றாண்டு இத்தாலியின் சோலா புஸ்கா கட்டிலேயே உள்ளது. ஆனால் அந்த மழையும் மேகமும் சேர்ந்ததால்தான் ஓர் அடையாளம் துயரமாக மாறியது. இன்றைய டாரட் படைப்பாளர் பலரும் பின்பற்றுவது பமீலாவின் இந்தக் காட்சிமொழியைத்தான்.

பெரிய வேலைக்கு மிகச் சிறிய கூலியே கிடைத்ததென்று அவரே ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதினார். 1911இல் கத்தோலிக்கரான அவர், பிற்காலத்தில் கார்ன்வாலில் வாழ்ந்து, 1951இல் பியூட் நகரில் இறந்தபோது, கடனை அடைப்பதற்காக உடைமைகள் விற்கப்பட்டன. ஆயினும் தம் பெயரின் மூன்று முதலெழுத்துகளையும் கொடிபோல் பின்னி அவர் சீட்டுகளின் கீழ் ஓரத்தில் இட்ட முத்திரையை எந்தப் பெயர்மாற்றமும் அகற்றவில்லை. இப்போது பலரும் கட்டின் பெயரோடு 'ஸ்மித்' என்பதையும் சேர்த்தே எழுதுகின்றனர்.