உருண்டு புரண்டால் படிப்பு வருமா?

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், புக்கிட் தீமா சாலையில் இருக்கிறது கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனை. பேச்சோ நடையோ தாமதமாகும் பிள்ளைகளைப் பலதுறை மருந்தகங்கள் அங்குள்ள குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்புகின்றன. முறை வரும்வரை தவித்திருக்கும் பெற்றோரின் காதில் வேறொரு வாக்குறுதியும் விழுகிறது: தவழவும் உருளவும் ஆடவும் பழக்கினால் மூளை சீராகும், படிப்பு தானாக வரும். இந்த எண்ணம் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால், அதில் எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும்.

அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் டெம்பிள் ஃபே, உயிரினங்கள் பரிணாமத்தில் கடந்த படிகளைக் குழந்தையின் அசைவுகளும் கடக்கின்றன என்று கருதினார். அதைப் பின்பற்றி ஃபிலடெல்ஃபியாவின் கிளென் டோமனும் கார்ல் டெலகேட்டோவும், பெரியவர்கள் பிள்ளையின் கைகால்களைப் பிடித்துத் தவழ்வதுபோல் திரும்பத் திரும்ப அசைக்கும் ‘பேட்டர்னிங்’ முறையை உருவாக்கினர். அதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1968, 1982, 1999 ஆகிய ஆண்டுகளில் எச்சரித்தது. கலிஃபோர்னியாவில் ஜீன் அயர்ஸ் வேறு வழியில் சென்றார். தொடுதல், சமநிலை, தசை உணர்வு ஆகியவற்றை மூளை ஒருங்கிணைப்பதில் உள்ள சிக்கலைப் பற்றி 1972இல் நூல் எழுதினார். இன்று ஆக்குபேஷனல் தெரபி அறைகளில் தொங்கும் ஊஞ்சல்களுக்கு மூலம் அவர்தான். பால் டென்னிசனின் ‘பிரெய்ன் ஜிம்’, சுவீடனின் ஹரால்ட் புளூம்பெர்க் பரப்பிய தாள அசைவுப் பயிற்சி ஆகியவை பின்னால் வந்தவை.

சான்றே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. வாசிப்பில் பின்தங்கிய 60 பிள்ளைகளிடம் பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் செய்த சோதனையில், சிசுப் பருவ அசைவுகளைப் பழகியவர்கள் வாசிப்பில் கூடுதலாக முன்னேறினர். 2000இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. ஆனால் ஒரு சிறு ஆய்வை வைத்துப் பொதுவிதி வகுக்க முடியாது. ஆட்டிசமுள்ள 138 பிள்ளைகளிடம் நடந்து 2022இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அயர்ஸ் வழிச் சிகிச்சை வழக்கமான பராமரிப்பைவிட நடத்தையில் மேலான பலன் தரவில்லை. “என் பிள்ளை தேறினானே” என்பாரும் உண்டு. வயது ஏறுவதாலும், ஒருவர் அக்கறையோடு தினமும் அருகில் இருப்பதாலும்கூடப் பிள்ளை தேறும். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் பலனைப் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது.

“கெடுதல் இல்லையே, செய்தால் என்ன?” என்பது கடைசி வாதம். விளையாட்டாகச் செய்தால் நல்லதே. உடல் உறுதிப்படும், மனம் மலரும். அதை நம்பி எழுத்துப் பயிற்சியைத் தள்ளிப்போடுவதுதான் கெடுதல். டிஸ்லெக்ஸியா எனும் வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைக்கு ஒலியையும் எழுத்தையும் இணைத்துப் படிப்படியாகக் கற்பிக்க வேண்டும். 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் டிஸ்லெக்ஸியா சங்கம் அந்த வழியில்தான் கற்பிக்கிறது. ஆகவே பணம் கட்டுமுன் கேளுங்கள்: எந்தத் திறன் மேம்படும், அதை எப்போது, எப்படி அளப்பீர்கள்? விடை தெளிவாக வராத இடத்தில் பிள்ளையின் பொன்னான காலத்தைச் செலவிடாதீர்கள்.